உழைச்செல்வான்

950ஆம் குறளில் வள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் சேர்த்து மருத்துவத்தை நாற்கூறாக்குகின்றார். உழை என்பது பக்கம்; அருகிருந்து பணிசெய்வோன் என்பது பொருள். இன்று அவர் பெரும்பாலும் பெண்ணே. அன்பு, தூய்மை, வன்மை, அறிவு என நான்கினை அவரிடம் வேண்டுகின்றார் பரிமேலழகர். அவருக்கு நாம் தரவேண்டியது யாதெனக் கூறினாரல்லர்! 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் நலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டந்தோறும் வறிய முதியோர் 150 பேருக்கேனும் இடமுள்ள இல்லம் பற்றிப் பேசுகின்றது. அங்கே இரவில் விழித்திருப்போர் எத்தனை பேர் என்பது அப்பிரிவில் இல்லை.

குன்றத்தூர், தாம்பரம் பகுதி இல்லங்களை ஆய்வுக்களமாகக் கொள்ளும் மாணவர், முதியோரிடம் மட்டும் வினாநிரலை நீட்டுதல் போதாது. படுத்த படுக்கையாயிருப்பவரைப் புரட்டித் தூக்கும் ஆயாவின் முதுகுவலி, ஓய்வற்ற இரவுப்பணி, மறதிநோயாளர் சினந்து அடிக்கையில் எழும் திகைப்பு ஆகியவற்றையும் கேட்டறிதல் வேண்டும். பயன்பாட்டாய்வு அவ்விடத்தோடு நில்லாது. ஒருவர் தூக்குமிடத்து இருவரை நிறுத்தச் செய்து, ஒரு திங்கள் கழித்து அதே ஆயாவிடம் மீண்டும் வினவுக.