தேனீப்போலி ஈக்களைப் புகைப்படத்தால் இனங்காணல்: தென்காசி, குற்றாலப் பகுதிக்கான ஒப்பீட்டு வழிகாட்டி

பூவின் முன் அந்தரத்தில் அசையாது நின்று, நீண்ட குழலால் தேன் உறிஞ்சும் மயிரடர்ந்த பூச்சியைத் தேனீ என்று கொள்வது இயல்பு. எனினும் அவ்வாறு கொள்ளப்படுவனவற்றுள் சில, கொசுவும் வீட்டு ஈயும் அடங்கிய இருசிறகிகள் என்னும் வரிசையைச் சேர்ந்த ஈக்களே ஆகும். தமிழில் 'தேனீ' என்ற சொல்லுக்குள்ளேயே 'ஈ' உறைந்திருப்பதால் இவ்வேறுபாட்டைச் சொல்லளவில் காட்டுவது எளிதன்று. எனவே பாம்பிலிடே என்னும் அறிவியற் பெயருடைய இக்குடும்பத்து ஈக்கள் இங்கே 'தேனீப்போலி ஈக்கள்' எனக் குறிக்கப்படுகின்றன. உலக அளவில் 4,500க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ள இக்குடும்பத்தில், முன்பின் அறியாத ஓர் ஈயின் படத்தை வைத்துக்கொண்டு அதன் பெயரைத் தேடுபவர் ஒவ்வொரு படியிலும் இரண்டு அல்லது மூன்று வாய்ப்புகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டியிருக்கிறது. அத்தேர்வுகளை எந்த உறுப்பைக் கொண்டு செய்வது, எந்தப் படியோடு நிறுத்திக்கொள்வது என்பவற்றை இவ்வழிகாட்டி விளக்குகிறது.

இடமும் காலமும்

தேனீப்போலி ஈக்கள் வெயிலையும் வெற்று நிலத்தையும் விரும்புவன. ஆகவே தென்மேற்குப் பருவக்காற்றால் சாரல் பொழியும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில், பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் ஆகிய அருவிகளைச் சூழ்ந்த ஈரமான நிழலில் அவற்றைத் தேடுவதைவிட, மழைமறைவில் அமைந்த சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துச் செம்மண் தரிசுகளிலும், குளக்கரைகளிலும், ஓடை மணலிலும், தும்பையும் நெருஞ்சியும் பூத்த வழியோரங்களிலும் தேடுவது பயன் தரும். செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும் காற்று ஓங்கிய நாள்களில் அந்தரத்தில் நிற்கும் ஈயைப் படமெடுப்பது அரிது என்பதால், காற்றுத் தணிந்த காலை வெயிலே ஏற்ற பொழுதாகும்.

ஈயா, தேனீயா, குளவியா

முதற் தேர்வு இறக்கைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தேனீக்கும் குளவிக்கும் நான்கு இறக்கைகள் உண்டு. ஈக்கு இரண்டே உண்டு, பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் பறத்தலின் சமநிலையைக் காக்கும் சிறு குமிழ்கள் அமைந்திருக்கும். தேனீயின் முன்னிறக்கையும் பின்னிறக்கையும் கொக்கிகளால் இணைந்து ஒன்றுபோலத் தோன்றக்கூடும் என்பதால், படத்தில் இறக்கை மட்டும் தெளிவாக இல்லையெனில், குட்டையான உணர்கொம்பு, தலையின் பெரும்பகுதியை நிறைக்கும் கண்கள், பூந்தாது சுமக்கும் அமைப்பில்லாத மெலிந்த கால்கள் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உணர்கொம்பின் நீளத்தை மட்டும் நம்புவது தவறு. ஏனெனில் இடை மெலிந்த மண்குளவியை உருவத்தில் அப்படியே ஒத்த சிஸ்ட்ரோபஸ் என்னும் தேனீப்போலி ஈக்கு உணர்கொம்பு நீண்டே இருக்கும். கரிய இறக்கையுடைய லிகைரா என்னும் தேனீப்போலி ஈயை மரத்தைத் துளைக்கும் கருவண்டாகக் கொள்வதும் நேரக்கூடிய பிழையாகும்; கருவண்டு என்பது தேனீக் குடும்பத்தைச் சேர்ந்தது, அதற்கு இறக்கைகள் நான்கு.

அடுத்து, பிற ஈக்களிலிருந்து பிரித்தறிய வேண்டும். பூ ஈக்களும் அந்தரத்தில் நிற்பனவே. ஆயினும் அவற்றின் இறக்கை நரம்புகள் வெளி விளிம்புக்கு முன்பாகவே இணைந்து, விளிம்புக்கு இணையாக ஓடும் ஒரு பொய்விளிம்பை உண்டாக்குகின்றன. கொள்ளை ஈக்களுக்கு இரு கண்களுக்கிடையே உச்சியில் ஆழ்ந்த பள்ளமும் முகத்தில் தாடி போன்ற மயிரும் இருக்கும். இவை எவையும் இன்றி, ஓய்வின்போது இறக்கைகளை இருபுறமும் விரித்து வைத்திருக்கும் ஈயெனில் அது தேனீப்போலி ஈயாக இருப்பதற்கான வாய்ப்பு மிகுதி.

எந்தக் கோணத்துப் படம்

மேலிருந்து எடுத்த படம், பக்கவாட்டுப் படம், முகத்தின் நேர்ப்படம் ஆகிய மூன்றில் ஒன்றையே எடுக்க இயலுமெனில் மேலிருந்து எடுப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் பேரினங்களைப் பிரிக்கும் இறக்கை நரம்பமைப்பு அதில்தான் முழுமையாகத் தெரியும். பக்கவாட்டுப் படம் உறிஞ்சுகுழலின் நீளத்தையும் உடலின் கூனலையும் கண்ணின் பின்விளிம்பையும் காட்டும். நேர்ப்படம் உணர்கொம்பின் நுனியையும், கண்கள் உச்சியில் நெருங்கியுள்ளனவா என்பதையும் காட்டும். பாம்பிலியஸ் போன்ற பேரினங்களில் ஆணின் கண்கள் உச்சியில் ஏறத்தாழ ஒட்டியும் பெண்ணின் கண்கள் விலகியும் இருப்பதால் பாலினத்தை அறியவும் அது உதவும்.

உடலின் நிறத்தை முதன்மைச் சான்றாகக் கொள்ளலாகாது. இவ்வீக்களின் வெண்பட்டைகளும் பொன்னிறமும் பெரும்பாலும் மயிராலும் நுண்செதில்களாலும் ஆனவை. வயது முதிர்ந்த ஈயில் அவை உதிர்ந்துபோவதால் ஓரினமே ஈரினமாகத் தோன்றக்கூடும். நரம்பமைப்போ உதிர்வதில்லை.

பேரினங்களுக்கிடையே தேர்வு

தென்தமிழகத்தில் எதிர்பார்க்கத்தக்க பேரினங்களை முதலில் இரு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம். கண்ணின் பின்விளிம்பு உட்குழிந்தும், இறக்கையின் முன்பகுதியில் இரண்டாவதாகப் பிரியும் நரம்புக்கிளை தன் மூலத்திலிருந்து ஏறத்தாழச் செங்கோணமாகத் திரும்பியும் இருந்தால் அது ஆந்த்ராக்ஸ், எக்ஸோப்ரோசோபா, லிகைரா ஆகியவை அடங்கிய பிரிவு. கண்ணின் பின்விளிம்பு குழியாமலும், அந்நரம்பு கூர்ங்கோணத்தில் முன்னதாகவே பிரிந்தும், உடல் பஞ்சுருண்டை போல் மயிரடர்ந்தும், உறிஞ்சுகுழல் முன்னோக்கி நீண்டும் இருந்தால் அது பாம்பிலியஸ், சிஸ்டீகஸ் ஆகியவை அடங்கிய பிரிவு.

முதற் பிரிவுக்குள் தேர்வு செய்ய, இறக்கையின் முன்விளிம்பை ஒட்டி நுனியருகே நரம்புகளால் அடைபட்ட அறைகளை எண்ண வேண்டும். ஆந்த்ராக்ஸில் அவை இரண்டு. எக்ஸோப்ரோசோபாவில் ஒரு குறுக்கு நரம்பு கூடுதலாக அமைந்து மூன்றாகின்றன. லிகைராவில் பொதுவாக நான்கு. இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பரவிய லிகைரா டான்டலஸ் என்னும் இனம், நீலஊதா மினுக்குடைய கரிய இறக்கைகளும் கரிய உடலில் வெண்புள்ளிகளும் கொண்டது. ஆயினும் கரிய இறக்கை என்பது மட்டுமே அவ்வினத்தை உறுதிசெய்யப் போதாது, அறைகளை எண்ணிய பிறகே அப்பெயரை எண்ணிப்பார்க்க வேண்டும். ஆந்த்ராக்ஸின் உணர்கொம்பு நுனியில் சிறு மயிர்க்கற்றை இருப்பது மற்றொரு சான்று. நடத்தையும் இங்கே துணைசெய்கிறது: மண்சுவரிலோ மரத்துளையிலோ உள்ள குளவி, தேனீக் கூடுகளின் வாயிலில் நின்று வயிற்றை முன்னோக்கிச் சொடுக்கி முட்டைகளை எறியும் பெண் ஈ பெரும்பாலும் இப்பேரினத்தைச் சார்ந்தது, அதன் புழு அக்கூட்டிலுள்ள புழுவை உண்டு வளர்கிறது.

இரண்டாம் பிரிவில் பாம்பிலியஸும் சிஸ்டீகஸும் வெறும் பார்வைக்கு ஒன்றே போல்வன. இறக்கையின் மையத்தில் உள்ள நீண்ட அறையை நடு அறை என்பர். அதன் முன்விளிம்பில் வந்து சேரும் குறுக்கு நரம்பு, அவ்வறையின் பாதியிலோ பாதியைத் தாண்டியோ இருந்தால் பாம்பிலியஸ், அடிப்பகுதிக்கு அருகே இருந்தால் சிஸ்டீகஸ். வாழ்க்கை முறையிலும் இவை வேறுபடுகின்றன: பாம்பிலியஸின் புழு மண்ணில் கூடமைக்கும் தனித்தேனீக்களின் புழுக்களை உண்பது, சிஸ்டீகஸின் புழு வெட்டுக்கிளிகள் மண்ணுக்குள் இடும் முட்டைக்கூடுகளை உண்பது.

இவ்விரு பிரிவிலும் அடங்காத வடிவங்களும் உள. முதுகு கூனி, செதில் போர்த்து, தலை கீழ்நோக்கிய ஈ டாக்ஸோஃபோராவாகவும், மிகச் சிறிய கூனல் ஈ ஜெரானாகவும், குளவி போன்ற நீளுடல் ஈ சிஸ்ட்ரோபஸாகவும் இருக்கலாம். தென்னை இலைகளையும் தின்னும், தொட்டால் எரிச்சல் தரும் நத்தைப்புழுக்களை ஒட்டுண்ணியாகத் தாக்குவது சிஸ்ட்ரோபஸ் என்பதால், தென்னந்தோப்பு மிகுந்த கடையம், புளியரைப் பகுதிகளில் அதனைத் தேடிப் பதிவுசெய்வது வேளாண்மைக்கும் பயனுடையது.

பெயரை உறுதிசெய்யும் வழிகள்

பேரினம் தெரிந்தபின் இனப்பெயரை அறிய மூன்று வழிகள் உண்டு. கைப்பேசிச் செயலியில் படத்தைச் செலுத்திப் பெறும் பரிந்துரை விரைவானது. ஆனால் அது ஏற்கெனவே பயின்ற படங்களோடு ஒப்பிட்டே பெயர் சொல்லுவதால், படங்கள் குறைந்த இந்திய இனத்துக்குப் படங்கள் மிகுந்த வேற்று நிலத்து இனத்தின் பெயரைத் தந்துவிடக்கூடும். ஆகவே அதனைத் தொடக்கக் குறிப்பாகக் கொள்ளலாமேயன்றி முடிவாகக் கொள்ளலாகாது.

இரண்டாவது வழி நூல். என்ரிகோ புருனெட்டி எழுதி, 1920இல் பிரித்தானிய இந்தியாவின் விலங்குத்தொகுதி வரிசையில் வெளிவந்த இருசிறகிகள் நூல், இலங்கையையும் பர்மாவையும் உள்ளடக்கி இக்குடும்பத்தின் இனங்களை விவரிக்கிறது. நூற்றாண்டு கடந்த நூலாதலால் அதிலுள்ள பெயர்கள் சில மாறிவிட்டன; ஹைபரலோனியா என்று அங்கே குறிக்கப்படும் நம் நாட்டு இனங்கள் இன்று லிகைராவில் அடங்கும். எனவே நீல் எவன்ஹூயிஸும் டேவிட் கிரெட்ஹெட்டும் 1999இல் வெளியிட்ட உலகப் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிட்ட பின்னரே அப்பெயர்களைப் பயன்படுத்த வேண்டும். இடப்பெயரிலும் கவனம் தேவை: தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்றுதான் உருவானது என்பதால், குற்றாலத்துப் பழைய பதிவுகளைத் திருநெல்வேலி மாவட்டத்தின்கீழ் தேட வேண்டும்.

மூன்றாவது வழி, பதப்படுத்திய மாதிரிகளோடு ஒப்பிடுவது. சென்னையிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம், கோயம்புத்தூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை ஆகியவற்றை இதற்கு அணுகலாம். நெருங்கிய இனங்களை ஆணின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பைக் கொண்டே பிரிக்க வேண்டிய இடங்களில் இதுவே உறுதியான வழி. எனினும் குற்றாலத்தைச் சூழ்ந்த காப்புக்காடுகளில் வனத்துறையின் அனுமதியின்றிப் பூச்சிகளைப் பிடித்தல் கூடாது. அங்கே புகைப்படமே தக்க கருவி.

முடிவு

விரைவு வேண்டுவோருக்குச் செயலியும், பொறுமையுடையோருக்கு நூலும், உறுதி வேண்டுவோருக்கு மாதிரி ஒப்பீடும் ஏற்றவை. புகைப்படம் மட்டுமே கையில் உள்ளவர் இறக்கை நரம்புகளை எண்ணிப் பேரினத்தை நிறுவி, படம் அதற்குமேல் சான்று தராதபோது அங்கேயே நிறுத்திக்கொள்வதே நேர்மையான தேர்வு. 'லிகைரா, இனம் உறுதியாகவில்லை' என்ற குறிப்பு பின்வரும் ஆய்வாளருக்கு வழி திறந்து வைக்கும். தவறான இனப்பெயரோ அவ்வழியை அடைத்துவிடும். ஆகவே ஈயைப் படமெடுக்கும் ஒவ்வொருவரும் நாள், நேரம், ஊர், அமர்ந்த பூ அல்லது நிலம் ஆகியவற்றைப் படத்தோடு எழுதிவைத்து, எத்துணைத் தெளிவற்றதாயினும் இறக்கை தெரியும் படத்தை அழிக்காமல் காக்க வேண்டும்.