மெழுகுவர்த்திக்கு விலை வைப்பது எப்படி?

வீட்டு உழைப்புக்கும் கூலி போட்டால்தான் உபதொழிலில் ஆதாயம்

நெல்லுக்குக் கட்டுப்படியான விலை வேண்டும் என்று கேட்காத விவசாயி இல்லை. விதைக்கும் உரத்துக்கும் கொடுத்த ரொக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது, குடும்பத்தார் வயலில் இறங்கிப் பாடுபட்டதற்கும் கூலி போட வேண்டும் என்று அவர் வாதாடுகிறார். அது நியாயமான வாதம். ஆனால் அதே விவசாயியின் வீட்டில் ஓய்வு நேரத்தில் மெழுகுவர்த்தி வார்த்து விற்கும்போது, மெழுகுக்கும் திரிக்கும் கொடுத்த காசுடன் ஐந்தோ பத்தோ சேர்த்து விலை சொல்லிவிடுகிறார்கள். பெண்கள் அடுப்படியில் நின்ற நேரத்துக்கு அந்த விலையில் கூலி இல்லை. "நன்றாக விற்கிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை" என்ற பேச்சு பெரும்பாலும் இதனால்தான் வருகிறது.

மெழுகுவர்த்தி தயாரிப்பு சிறு விவசாயக் குடும்பங்களுக்கு ஏற்ற குடிசைத் தொழில்தான். அச்சுகள், மெழுகு உருக்கும் பாத்திரம், ஒரு தராசு இருந்தால் போதும். தொழிலைக் கற்பது சுலபம். விலை வைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள்.

எடுத்துக்காட்டுக் கணக்கு

ஒரு குடும்பம் ஒரு நாளில் 10 கிலோ மெழுகை உருக்கி வார்ப்பதாக வைத்துக் கொள்ளலாம். இதை ஓர் ஈடு என்று கொள்க. ஒரு மெழுகுவர்த்தியின் எடை 25 கிராம். பத்து எண்ணிக்கை கொண்டது ஒரு பாக்கெட். கீழே உள்ள விலைகள் கணக்கைப் புரிந்து கொள்வதற்காக எழுதியவை. அவரவர் ஊரில் உள்ள விலையைப் போட்டுக் கணக்கிட வேண்டும்.

10 கிலோவை 25 கிராமால் வகுத்தால் 400 மெழுகுவர்த்தி, அதாவது 40 பாக்கெட் வர வேண்டும். ஆனால் அப்படி வருவதில்லை. பாத்திரத்தில் ஒட்டுவது, சிந்துவது, சில வர்த்திகள் எடை கூடிப்போவது என்று சேதாரம் உண்டு. 38 பாக்கெட் கிடைப்பதாகக் கொள்ளலாம். அதிலும் ஒரு பாக்கெட் வழியில் உடைந்தோ கடையில் வளைந்தோ திரும்பி வரும். ஆகவே காசாக மாறுவது 37 பாக்கெட்தான். செலவு முழுவதையும் இந்த 37 பாக்கெட்தான் சுமக்க வேண்டும். நெல்லில் பதர் போக மிஞ்சியதைத்தான் அளக்கிறோம், இதுவும் அப்படித்தான்.

கைச்செலவு

பாரபின் மெழுகும், வர்த்தி இறுகுவதற்காகச் சேர்க்கும் ஸ்டியரிக் அமிலமும் 10 கிலோ, கிலோ ரூ.150 வீதம்: ரூ.1,500
திரி நூல்: ரூ.40
எரிபொருள்: ரூ.60
அட்டைப் பெட்டியும் லேபிளும், 38 பாக்கெட்டுக்கு ரூ.3 வீதம்: ரூ.114
பஸ் கட்டணம், சுமை கூலி: ரூ.50
மொத்தம்: ரூ.1,764

மெழுகு வாங்கும்போது பில்லில் உள்ள ஜி.எஸ்.டி. வரியையும் சேர்த்தே விலையாக எழுத வேண்டும். வரிப் பதிவு பெறாத சிறு உற்பத்தியாளர் அந்த வரியைத் திரும்பப் பெற முடியாது.

தேய்மானமும் வட்டியும்

அச்சுகளுக்கு ரூ.6,000 போட்டு, அவை ஐந்து ஆண்டு உழைத்தால் ஆண்டுக்குத் தேய்மானம் ரூ.1,200. ஆண்டில் 60 ஈடு வார்த்தால் ஓர் ஈட்டுக்கு ரூ.20 ஆகிறது. அச்சிலும் மெழுகு இருப்பிலும் முடங்கிய பணம் ரூ.10,000 என்றால், ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் ரூ.1,200. அதுவும் ஓர் ஈட்டுக்கு ரூ.20. இரண்டும் சேர்ந்து ரூ.40. சொந்தப் பணம்தானே என்று வட்டியை விட்டுவிடக் கூடாது. நகைக்கடன் வாங்கிப் போட்டிருந்தால் கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

குடும்ப உழைப்பு

உருக்குதல், திரி கோத்தல், வார்த்தல், அச்சிலிருந்து எடுத்து அடிப்பாகம் சீவுதல், பாக்கெட் போடுதல் ஆகியவற்றுக்கு மருமகள் 8 மணியும் மாமியார் 4 மணியும் வேலை செய்கிறார்கள். கடை கடையாகக் கொண்டுபோய்ப் போட்டு வசூல் செய்ய வீட்டுக்காரருக்கு 4 மணி ஆகிறது. ஆக 16 மணி. மணிக்கு ரூ.50 கூலி என்றால் ரூ.800.

ஊரில் அதே நாளில் வெளிவேலைக்குப் போனால் என்ன கிடைக்குமோ, அதையே கூலியாக வைத்துக் கணக்கிடுவது உசிதம். மத்திய அரசின் வேளாண் செலவு மற்றும் விலை ஆணையம் பயிர்ச் செலவைக் கணக்கிடும்போது, ரொக்கச் செலவைத் தனியாகவும், அதனுடன் குடும்ப உழைப்பின் மதிப்பைச் சேர்த்துத் தனியாகவும் காட்டுகிறது. சொந்த நிலத்தின் வாடகையும் சொந்த முதலின் வட்டியும் சேர்ந்த முழுச்செலவு இன்னொரு கணக்கு. 1965-ல் விலை ஆணையமாகத் தொடங்கி 1985-ல் இப்பெயர் பெற்ற அந்த அமைப்பு வயலுக்குச் செய்யும் கணக்கைத்தான் வீட்டுத் தொழிலுக்கும் செய்ய வேண்டும்.

ஏமாற்றும் கணக்கு

இனி, வழக்கமாக நடப்பதைப் பார்க்கலாம். மெழுகு 1,500, திரி 40, ஆக ரூ.1,540. அதை 40 பாக்கெட்டால் வகுத்தால் ரூ.38.50. பாக்கெட்டுக்குப் பத்து ரூபாய்க்கு மேல் ஆதாயம் வைத்து ரூ.50-க்கு விற்கிறார்கள். பார்ப்பதற்கு நல்ல லாபம் போலத் தெரிகிறது.

உண்மையில் விற்றது 37 பாக்கெட், வரவு ரூ.1,850. கைச்செலவு ரூ.1,764 போனால் மிச்சம் ரூ.86. தேய்மானமும் வட்டியும் ரூ.40 கழித்தால் ரூ.46. மூன்று பேரின் 16 மணி உழைப்புக்கு மிஞ்சியது இந்த 46 ரூபாய்தான். மணிக்கு மூன்று ரூபாய்கூட இல்லை. அன்று களை எடுக்கப் போயிருந்தால் மருமகள் ஒருவரே இதைப்போல் பல மடங்கு கொண்டு வந்திருப்பார்.

தெரிந்திருக்க வேண்டிய மூன்று விலைகள்

முதலாவது, கைச்செலவு விலை. ரூ.1,764-ஐ 37-ஆல் வகுத்தால் ரூ.47.68. இதற்குக் கீழே கேட்டால் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கையிலிருந்து பணம் போகிறது.

இரண்டாவது, அடக்க விலை. கைச்செலவு 1,764, தேய்மானம் வட்டி 40, கூலி 800, ஆக ரூ.2,604. 37-ஆல் வகுத்தால் ரூ.70.38. இந்த விலையில் குடும்பத்துக்குக் கூலி கிடைக்கும், ஆதாயம் கிடையாது.

மூன்றாவது, விற்பனை விலை. அடக்க விலையில் 15 சதவீதம் ஆதாயம் சேர்த்தால் ஏறக்குறைய ரூ.81. அச்சு பழுதானால் மாற்றவும், மெழுகு விலை திடீரென ஏறினால் தாங்கவும் இந்த ஆதாயம் வேண்டும்.

வியாபாரி ரூ.60-க்குக் கேட்டால் என்ன செய்வது? 37 பாக்கெட்டுக்கு வரவு ரூ.2,220. கைச்செலவும் தேய்மானம் வட்டியும் போக ரூ.416 மிஞ்சும். மணிக்கு ரூ.26 கூலி. வேறு வேலையே இல்லாத நாளில், இருப்பைக் கழிக்க ஒரு முறை ஒப்புக் கொள்ளலாம். நடவும் அறுப்பும் நடக்கும் காலத்தில் இது நஷ்டம். எந்த விலைக்குச் சரி என்பது, அன்று வீட்டில் வேறு என்ன வேலை காத்திருக்கிறது என்பதைப் பொறுத்தது.

கடைக்காரர் கழிவு

கடைக்காரர் 20 சதவீதம் கழிவு கேட்கிறார் என்றால், ரூ.81-உடன் 20 சதவீதம் கூட்டி ரூ.97.20 என்று விலை அச்சிடுவது பலர் செய்யும் தவறு. கடைக்காரர் கழிவை விற்கும் விலையில்தான் பிடிப்பார். 97.20-ல் 20 சதவீதம் ரூ.19.44 போனால் கைக்கு வருவது ரூ.77.76 மட்டுமே. பாக்கெட்டுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் போய்விடுகிறது. சரியான வழி, 81-ஐ 80-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குவது. ரூ.101.25 வரும்.

விற்ற பிறகு பணம் என்று கடனுக்குக் கேட்டால், எத்தனை நாள் என்று முன்பே பேசி, அந்த நாளுக்கான வட்டியையும் விலையில் சேர்க்க வேண்டும். சந்தையிலோ திருவிழாவிலோ நேரடியாக விற்றால் கழிவு மிச்சமாகும். ஆனால் அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை மறக்கக் கூடாது.

ஆலைச் சரக்கு மலிவாக இருந்தால்

மெழுகுவர்த்தி ஒரு காலத்தில் சிறு தொழில்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த பொருள். 2015 ஏப்ரலில் அந்த ஒதுக்கீடு நீக்கப்பட்டது. பெரிய ஆலைகளும் தாராளமாகத் தயாரிக்கலாம். அதே எடையுள்ள ஆலைப் பாக்கெட் கடையில் ரூ.70-க்குக் கிடைக்கும்போது, சாதாரண வெள்ளை வர்த்தியை ரூ.101-க்கு யாரும் வாங்க மாட்டார்கள். அதற்காக கூலியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு விலையைக் குறைப்பது வழியல்ல. வேறு வழிகள் உண்டு.

முதலில் நேரத்தைக் குறைக்கப் பார்க்க வேண்டும். ஒரே வார்ப்பில் அதிக வர்த்தி எடுக்கும் அச்சு இருந்தால், 12 மணி வேலை 8 மணியில் முடியும். ஓர் ஈட்டுக்கு ரூ.200 மிச்சம், பாக்கெட்டுக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் குறையும். அடுத்தது எடை. 25 கிராம் வர்த்தி 27 கிராமாக வார்க்கப்பட்டால் 10 கிலோவுக்கு மூன்று பாக்கெட் அளவு மெழுகு வீணே போகிறது. ஒவ்வொரு ஈட்டிலும் 20 வர்த்திகளை மொத்தமாக நிறுத்து, சராசரி எடை பார்ப்பது நலம். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து மெழுகை மூட்டையாக வாங்கினால் விலையும் குறையும், வண்டிச் சத்தமும் குறையும்.

இவ்வளவும் செய்தும் கட்டுப்படியாகாவிட்டால் சரக்கை மாற்ற வேண்டும். பீடத்துக்கான பருமனான வர்த்தி, வண்ண வர்த்தி, கைவேலைப்பாடு உள்ள வர்த்தி ஆகியவற்றை ஆலைப் பாக்கெட்டுடன் ஒப்பிட்டு யாரும் பேரம் பேசுவதில்லை. அவற்றுக்கும் நேரத்தைக் குறித்தே விலை வைக்க வேண்டும். அழகாக இருக்கிறது என்பதற்காக ஒரு மணி செலவிட்டுச் செய்ததைப் பத்து ரூபாய்க்கு விற்கலாகாது.

பருவம் பார்த்து வார்த்தல்

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கிறது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள், டிசம்பரில் கிறிஸ்துமஸ். தேவாலயங்கள் உள்ள ஊர்ப்பக்கம் இந்நாள்களில் வர்த்திக்குக் கிராக்கி உண்டு. வேலை குறைந்த நாள்களில் முன்கூட்டியே வார்த்து வைத்தால் கூலி மலிவு. ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் தகர ஓட்டின் கீழ் அடுக்கினால் வர்த்திகள் வளைந்து ஒட்டிக் கொள்ளும். குளிர்ந்த இடத்தில் படுக்கை வசமாக அடுக்க வேண்டும்.

தேனீ வளர்ப்போருக்கு

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் போன்ற தேனீ வளர்க்கும் பகுதிகளில் தேன்மெழுகு வீட்டிலேயே கிடைக்கும். சொந்த மெழுகுதானே என்று அதற்கு விலை போடாமல் விடுவது தவறு. அதை அப்படியே விற்றால் என்ன கிடைக்குமோ அந்த விலையைச் செலவில் எழுத வேண்டும். தேன்மெழுகு பாரபினைவிட விலை உயர்ந்தது. வர்த்தியாக்கி விற்பதைவிட மெழுகாகவே விற்பது ஆதாயமா என்பதும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டியவை

மெழுகை நேரடித் தீயில் உருக்கக் கூடாது. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில் உருக்க வேண்டும். மெழுகு தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாமல், மூடியால் மூடி, அடுப்பை அணைக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

பாக்கெட்டில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதமும் ஆண்டும், வரிகள் உட்பட அதிகபட்ச சில்லறை விலை முதலியவற்றை அச்சிட வேண்டும் என்பது 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதி. விலையை அச்சிட்ட பின் கூட்டி விற்க முடியாது. ஆகையால் கணக்கைப் போட்ட பிறகே லேபிள் அடிக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வோர் ஈட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, போட்ட மெழுகு, கிடைத்த பாக்கெட், யார் எத்தனை மணி வேலை செய்தார், கைக்கு வந்த பணம் ஆகிய நான்கையும் அன்றன்றே எழுத வேண்டும். மூன்று ஈடு முடிந்ததும் பக்கங்களைப் புரட்டினால் தொழில் கூலி கொடுக்கிறதா, உழைப்பைத் தின்கிறதா என்பது விளங்கிவிடும். கூலி கொடுத்தால் தொடரலாம். கொடுக்காவிட்டால் விலையையோ சரக்கையோ மாற்றலாம். அதுவும் முடியாதபோது அச்சுகளை விற்றுவிட்டு வேறு உபதொழில் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.