கெக்குக்கு முன்னால் ஃப்ரிட்ஜ்

கேள்வி: டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் ஒரு அபார்ட்மென்ட்டில் நானும் மனைவியும் இருக்கிறோம். வீட்டிலேயே பீர் செய்து பார்க்க ஆசை. பாட்டில் கழுவுகிற பொறுமை எனக்கு இல்லை, அதனால் நேராகக் கெக்கில் ஊற்றிக் குழாயில் பிடிக்க வேண்டும். கெக், கேஸ் சிலிண்டர், குழாய் எல்லாம் சேர்ந்த செட் ஒன்றை இணையத்தில் பார்த்து வைத்திருக்கிறேன். தீபாவளிக்கு நண்பர்கள் வருகிறார்கள், இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. “இட்லி மாவு புளிக்க வைக்கிற வீட்டுக்கு இது என்ன பெரிய வேலை?” என்கிறாள் மனைவி. செட்டை வாங்கிவிடலாமா? சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

— ஆஸ்டின் வாசகர்

பதில்: சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் ஊரில் சிக்கல் இல்லை. வீட்டில் பீர் செய்வதற்கு அமெரிக்க மத்திய அரசின் வரியை நீக்கும் சட்டத்தில் ஜிம்மி கார்ட்டர் 1978-இல் கையெழுத்திட்டார். பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கும் கொஞ்சம் மேல் என்பது வரம்பு. விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாக வழிவிட்டன. கடைசியாக வந்தவை மிசிசிப்பியும் அலபாமாவும், 2013-இல். ஆனால் காய்ச்சி வடிப்பது வேறு கதை, இந்த விலக்கு அதற்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: இங்கே பீரானாலும் உரிமமின்றி வீட்டில் செய்ய மதுவிலக்குச் சட்டம் இடம் தரவில்லை. படிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் மனைவியின் கேள்வி. மாவு புளிக்க வைத்த கை என்பது நல்ல தகுதிதான், ஆனால் அந்தப் பழக்கமே இங்கே காலை வாரிவிடவும் கூடும். மாவில் நாம் எதையும் சேர்ப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே இருக்கிற பாக்டீரியாக்கள் பெருகிப் புளிப்பையும் பொங்கலையும் தருகின்றன. பீரில் அந்தப் பாக்டீரியா நுழைந்தால் பீர் புளித்துக் கெட்டுப்போகும். அங்கே நாம் விடுகிற ஈஸ்ட் ஒன்றுக்கு மட்டும்தான் இடம். ஆகவே கொதி முடிந்த நிமிடத்திலிருந்து பீரில் படுகிற கரண்டி, குழாய், மூடி, வெப்பமானி அத்தனையும் கிருமி நீக்கியில் முங்கி எழ வேண்டும். கொதிக்கு முன்னால் இந்தக் கவலை வேண்டாம். கொதியே எல்லாவற்றையும் கொன்றுவிடும். ஸ்டார் சான் என்ற அமிலக் கரைசல் பரவலாகக் கிடைக்கிறது, லிட்டருக்கு ஒன்றரை மில்லி போதும், கழுவிவிடவும் தேவையில்லை. நுரை ஒட்டியிருந்தால் பயந்து குழாய்த் தண்ணீரில் அலசிவிடாதீர்கள், செய்த வேலை வீணாகும். ப்ளீச் பக்கம் போகவே வேண்டாம். அழுக்கான பாத்திரத்தில் கிருமி நீக்கி வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள். முதலில் தேய்த்துக் கழுவுவது, பிறகு கிருமி நீக்குவது. இந்தப் பொழுதுபோக்கில் முக்கால்வாசி பாத்திரம் கழுவும் வேலைதான். கெக் வாங்கினாலும் அதிலிருந்து தப்ப முடியாது.

செட்டுக்கு வருகிறேன். வாங்குங்கள், ஆனால் இன்றைக்கு வேண்டாம். கெக்கை எங்கே வைப்பீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வீட்டில் பீர் செய்பவர்கள் பயன்படுத்துவது 19 லிட்டர் கார்னி கெக். குளிர்பானக் கடைகளுக்குச் சிரப் அனுப்பச் செய்த பாத்திரம் அது. அந்தத் தொழில் அட்டைப்பெட்டிப் பைக்கு மாறியதும் பழைய கெக்குகள் மலிவாக வந்து பீர் செய்கிறவர்கள் கையில் சேர்ந்தன. உயரம் ஏறக்குறைய 63 சென்டிமீட்டர். சமையலறை ஃப்ரிட்ஜில் அது நின்றால் பாலும் காய்கறியும் வெளியே நிற்க வேண்டியதுதான். கெக்கை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்றால் அதுவும் நடக்காது. கார்பன் டை ஆக்சைடு குளிர்ந்த பீரில்தான் நன்றாகக் கரையும். 3, 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ அழுத்தம் தந்தால் கடை பீர் அளவுக்கு வாயு பிடிக்கும். ஆஸ்டின் அறைச் சூட்டில் அதே அழுத்தத்துக்குச் சப்பென்று இருக்கும், அழுத்தத்தைக் கூட்டினால் குழாயில் நுரைதான் வரும்.

ஆகவே முதல் செலவு பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று. போகும்போது அளவு நாடாவைக் கையோடு கொண்டுபோங்கள். உள்ளே பின்பக்கம் கம்ப்ரஸருக்காக ஒரு மேடு இருக்கும், பலர் கெக்கை வாங்கி வந்த பிறகுதான் அதைப் பார்க்கிறார்கள். ஃப்ரிட்ஜின் பக்கச் சுவரில் துளை போடவும் வேண்டாம், உள்ளே குளிர்வாயுக் குழாய் ஓடும். சிலிண்டரையும் உள்ளேயே நிறுத்தி, கையால் அழுத்துகிற சின்னக் குழாயைப் பொருத்திக்கொண்டால் போதும்.

அடுத்த சிக்கல் வெப்பம். பீரின் சுவையைக் கெடுப்பதில் கிருமிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். வழக்கமான ஏல் ஈஸ்ட்டுக்கு 18 முதல் 20 டிகிரி வேண்டும். நொதிக்கும்போது பீர் தானே சூடாகும், அறையைவிட நான்கைந்து டிகிரி கூட ஏறிவிடும். உங்கள் ஏசி 25-இல் ஓடினால் வாளிக்குள் 29, 30. அந்தச் சூட்டில் சாதாரண ஈஸ்ட் காட்டமான ஆல்கஹால்களை உண்டாக்கும், குடித்தால் தொண்டை எரியும். ஃப்ரிட்ஜுக்குள் வைத்து நொதிக்கவிடலாம்தான், ஆனால் ஒரே ஃப்ரிட்ஜ் ஒரே நேரத்தில் 19 டிகிரியிலும் 4 டிகிரியிலும் இருக்காது.

இதற்கு நார்வே விவசாயிகளிடம் ஒரு விடை இருக்கிறது. அங்கே பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த க்வைக் என்ற ஈஸ்ட், சூட்டை விரும்புகிற விசித்திரமான இனம். அதில் வோஸ் வட்டாரத்து வகை இப்போது உலர்பொடியாகப் பாக்கெட்டில் வருகிறது. 25 முதல் 40 டிகிரி வரை தாங்கும், 35-ஐத் தாண்டினால் இன்னும் உற்சாகம், லேசாக ஆரஞ்சு மணம் தரும். வாளியைப் போர்வையில் சுற்றி அறை மூலையில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் கெக்குக்கு மிச்சம். டெக்சஸில் முதல் பீர் செய்பவருக்கு வேறு ஈஸ்ட்டை நான் சொல்ல மாட்டேன்.

முதல் முறை 19 லிட்டர் செய்யாதீர்கள். பாதி போதும். 15 லிட்டர் எவர்சில்வர் பாத்திரத்தில் 11 லிட்டர் தண்ணீரைச் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டு, உலர்ந்த மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 1.4 கிலோவைக் கரையுங்கள். அணைக்காமல் கொட்டினால் அடியில் பிடித்துக் கருகும். மறுபடி கொதித்ததும் காஸ்கேட் ஹாப்ஸ் 14 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும், இதுதான் கசப்பு. ஹாப்ஸ் விழுந்ததும் பொங்கி வழியும், அந்த ஐந்து நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். அடுப்பை அணைக்கும்போது இன்னொரு 20 கிராம், மணத்துக்காக. பிறகு பாத்திரத்தை ஐஸ் போட்ட சிங்கில் இறக்குங்கள். க்வைக் என்பதால் 35 டிகிரிக்கு வந்தாலே ஈஸ்ட் சேர்த்துவிடலாம்.

தண்ணீரில் ஒரு கவனம். பல அமெரிக்க நகரங்களைப் போல ஆஸ்டினும் குடிநீரில் குளோரமைன் சேர்க்கிறது. அது கொதியில் எளிதில் போகாது, பீரில் மருந்துக்கடை வாசனையாக வந்து நிற்கும். காம்டன் மாத்திரையில் கால் பங்கைப் பொடித்துப் போட்டால் சரியாகும்.

ஈஸ்ட் சேர்க்கும் முன் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். 1.050 அளவில் தொடங்கி 1.012-இல் நின்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம். ஒரு வாரம் கழித்து அளந்து, மூன்று நாள் கழித்து மறுபடி அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் வேலை முடிந்தது. குமிழ் நின்றுவிட்டது என்பதை மட்டும் நம்ப வேண்டாம்.

இந்தப் பாதியைக் கெக்கில் ஊற்ற வேண்டாம். ஐந்து காலி இரண்டு லிட்டர் சோடா பாட்டில், ஒவ்வொன்றிலும் மூன்று டீஸ்பூன் சர்க்கரை. மூடி, அறைச் சூட்டில் இரண்டு வாரம். அமுக்கிப் பார்த்துக் கல் மாதிரி இறுகியிருந்தால் வாயு பிடித்துவிட்டது. நீங்கள் பயப்படுகிற 50 பாட்டில் கழுவுதல் இதில் இல்லை. பாட்டிலில் அடைக்கிற அன்றே வாயு இல்லாத பீரைக் குடித்துப் பாருங்கள். புளிப்போ காட்டமோ இருந்தால் நாக்கு சொல்லிவிடும். நன்றாக இருந்தால் அந்த வாரமே தீபாவளிக்கான 19 லிட்டரைத் தொடங்கலாம்.

அப்போது கெக் வேலைக்கு வரும். கெக்கை விளிம்பு வரை கிருமி நீக்கியால் நிரப்பி, அதைச் சிலிண்டர் வாயுவால் வெளியே தள்ளுங்கள். கெக் சுத்தமாகும், உள்ளே காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு நிற்கும். நொதித்து முடிந்த பீருக்கு ஆக்சிஜன்தான் எதிரி, சளசளவென்று கொட்டினால் சில வாரத்தில் நனைந்த அட்டைச் சுவை வரும். சாம்பல் நிற இணைப்பு வாயுவுக்கு, கறுப்பு பீருக்கு. மாற்றி மாட்டினால் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இணைப்புகள்மேல் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், ஒரு ரப்பர் வளையம் கசிந்தால் காலையில் சிலிண்டர் காலி. 12 பிஎஸ்ஐயில் பத்து நாள் விட்டால் வாயு தானாகப் பிடிக்கும். கெக்கை உருட்டிக் குலுக்கி ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, அளவு மிஞ்சிவிடும். செட்டோடு முழ நீளக் குழாய் வந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு உள்விட்டத்தில் மூன்று மீட்டர் வாங்குங்கள். நுரையாகவே வருகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு மருந்து இதுதான்.

சிலிண்டரை எப்போதும் நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள். நிரப்பிக்கொண்டு வரும் வழியில் வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டு ஷாப்பிங் போகாதீர்கள், சூட்டில் பாதுகாப்புத் தகடு வெடித்து வாயு முழுக்க வெளியேறும். கார்பன் டை ஆக்சைடு எரியாது, ஆனால் மூடிய சின்ன அறையில் கசிந்தால் மூச்சை அடைக்கும். கதவடைத்து வைக்காத, காற்றோட்டமான இடத்தில் ஃப்ரிட்ஜை வைப்பது நல்லது.

இன்று ஆர்டர் போட வேண்டியவை ஹைட்ரோமீட்டர், கிருமி நீக்கி, மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், மூடியுள்ள வாளி ஒன்று. ஃப்ரிட்ஜும் கெக் செட்டும் மூன்றாம் வாரம் வந்தால் போதும். 19 லிட்டர் என்றால் 50 கிளாசுக்கு மேல் வரும், எனவே விருந்தாளிகள் வண்டி ஓட்டாமல் வீடு போவதற்கும் இப்போதே ஏற்பாடு செய்துவிடுங்கள்.