விமானம் ஏறிய மனங்கள்

கேள்வி: 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க மக்கள் எப்படித் துணிந்து மறுபடி விமானம் ஏறினார்கள்?

பதில்: பயந்துகொண்டேதான். 13-ஆம் தேதியே விமானங்களை மறுபடி பறக்க அனுமதித்துவிட்டார்கள். ஆனால் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. விமான நிலையச் சோதனையில் பேனாக்கத்தியைக்கூடப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். வழியனுப்ப வந்தவர்கள் விமான வாயில்வரை போகிற பழைய வழக்கமும் அன்றோடு போயிற்று.

நியூயார்க்கில் தாக்குதலில் இடிந்த கோபுரங்களின் இடிபாட்டுத் தீ டிசம்பர்வரை அணையவில்லை. வேலைக்குப் போகிற வழியில், சுவரெல்லாம் காணாமற்போனவர்களின் படங்கள். எந்த மாடியில் வேலை, என்ன உடை, உடம்பில் என்ன தழும்பு என்ற விவரத்தோடு. அதைத் தாண்டித்தான் தினமும் ரயில் பிடிக்க வேண்டியிருந்தது.

எனக்கு மனம் ஆறாத செய்தி ஒன்று உண்டு. விமானத்துக்குப் பயந்து பலர் காரிலேயே நெடுந்தூரம் போனார்கள். அப்படி ஓராண்டில் சாலை விபத்தில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று கணக்கிட்டிருக்கிறார் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர்.