கணினிப் பாடம்: கழற்றி மாட்டும் மென்பொருள்

கணினிப் பட்டம் பெற்ற நம் பிள்ளைகளிடம், "நீ எழுதிய மென்பொருளில் புதிதாக ஒரு வசதி சேர்க்க வேண்டும், எப்படிச் சேர்ப்பாய்?" என்று கேட்டுப் பாருங்கள். பலர் பழைய நிரலைத் திறந்து அதன் நடுவில் புதியதை நுழைக்கவே முயல்வார்கள். நேற்று ஓடியது இன்று நின்றுபோகும். படிப்பு இருந்தும் வேலையில் தடுமாறுவது இப்படித்தான். இதற்கான வழியை இந்த இதழில் படிப்போம்.

நம் வீட்டு மிக்ஸியை நினைத்துக்கொள்வோம். மோட்டார் ஒன்று, ஜார்கள் பல. புது ஜார் வாங்கினால் மோட்டாரைப் பிரிப்பதில்லை. பொருத்தும் இடம் சரியாக இருந்தால் போதும். மென்பொருளிலும் இந்த ஜார் போன்ற பகுதிக்குப் 'பிளக்-இன்' என்று பெயர்.

இதைப் பழக நல்ல களம் எக்லிப்ஸ். ஐபிஎம் நிறுவனம் 2001இல் இதன் மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2004இல் வந்த 3.0 பதிப்பு முதல், எந்த டெஸ்க்டாப் மென்பொருளையும் இதன் மேல் கட்ட முடிகிறது. தரவுத்தளங்களைக் கையாளும் டிபீவர் அப்படிக் கட்டப்பட்டதே.

ஒரு பிளக்-இன்னில் மூன்றைக் கவனிக்க வேண்டும்.

1. மேனிஃபெஸ்ட் கோப்பு: தன் பெயர், பதிப்பு எண், தனக்குத் தேவையான மற்ற பிளக்-இன்கள் ஆகியவற்றைச் சொல்லும்.

2. பிளக்-இன் எக்ஸ்எம்எல் கோப்பு: 'இங்கே மாட்டலாம்' என்ற இடத்தையும், 'நான் அங்கே மாட்டிக்கொள்கிறேன்' என்ற செய்தியையும் அறிவிக்கும்.

3. ஜாவா நிரல்: மெனுவில் பெயரைக் காட்ட மேற்சொன்ன கோப்பே போதும். பயனர் அதைச் சொடுக்கும்போதுதான் நிரல் நினைவகத்தில் ஏறும்.

பயிற்சிக்கு ஒரு நூலகப் பதிவேடு செய்வோம். முதல் பிளக்-இன் புத்தகப் பட்டியலைக் காட்டட்டும். 'அறிக்கை இங்கே மாட்டலாம்' என்று ஓர் இடமும் விடட்டும். இரண்டாவது, திரும்பி வராத புத்தகங்களின் அறிக்கையைத் தரட்டும். இரண்டும் ஓடிய பிறகு, ரன் கான்ஃபிகரேஷனில் இரண்டாவதன் டிக்கை எடுத்துவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். பட்டியல் வழக்கம்போல் வர வேண்டும். அறிக்கை மட்டும் மறைய வேண்டும். பட்டியலும் நின்றுபோனால், முதல் பிளக்-இன் இரண்டாவதை நேரடியாகப் பெயர் சொல்லி அழைக்கிறது என்று பொருள். பெரும்பாலோர் செய்யும் தவறு இதுவே. அந்த வரியை நீக்கி, அறிவித்த இடத்தின் வழியாகவே இணையுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. எக்லிப்ஸுக்கும் ஓப்பன் ஜேடிகேக்கும் கட்டணம் கிடையாது. மகனோ மகளோ, வீட்டிலிருந்தே பழகலாம். தேவைப்படுவது அருகில் உட்கார்ந்து தவறைச் சுட்டிக்காட்டும் ஓர் அனுபவசாலி. மென்பொருள் துறையில் இருக்கும் நம் சகோதர சகோதரிகள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், நம் தெருவிலேயே இந்தப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.