கல்லாச் சாவி யார் கையில்?

அன்புள்ள மருமகனுக்கு,

படிப்பு முடிந்ததும் அப்பாவின் ரைஸ் மில்லுக்கே வரப்போகிறாய் என்று அக்கா சொன்னாள். பாரம்பரிய அரிசியைச் சிறு பைகளில் போட்டு விற்கலாம் என்றதற்கு அப்பா பிடிகொடுக்கவில்லை என்று உனக்கு வருத்தமாமே. இரண்டு குடும்பங்களின் கதையைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு மறுபடி அவரிடம் பேசு.

ஹென்றி ஃபோர்டு 1919-ல் தம் ஒரே மகன் எட்செலைக் கம்பெனித் தலைவராக்கினார். ஆனால் கடைசிச் சொல் அப்பாவுடையதாகவே இருந்தது. ‘மாடல் டி’ காரின் மவுசு குறைந்து, செவ்ரோலே முன்னேறிக்கொண்டிருந்தது. புதிய கார் வேண்டும் என்று 1926-ல் அறிக்கை எழுதிக் கொடுத்தவர், அங்கே பெரிய பொறுப்பில் இருந்த எட்செலின் சகலை கான்ஸ்லர். அந்த ஆண்டே அவர் வெளியேற்றப்பட்டார். மறு ஆண்டு, ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்து முடித்த நிலையில், வேறு வழியில்லாமல் மாடல் டி-யை நிறுத்தினார்கள். அடுத்த வண்டிக்கான ஏற்பாடு முடியும்வரை மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. கிரைஸ்லர் 1924-லேயே கொண்டுவந்த ஹைட்ராலிக் பிரேக், ஃபோர்டு கார்களுக்கு 1939 மாடலில்தான் வந்தது. மகன் வந்தும் புதுமை வரவில்லை. வந்தது பதவி மட்டும்தான்.

ஜப்பானில் சகிச்சி டொயோடா தறி செய்தவர். நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும் அவருடைய தானியங்கித் தறி 1924-ல் முழுமை பெற்றது. மகன் கீச்சிரோ எஞ்சினியர். அந்தத் தறியின் உருவாக்கத்தில் அவருக்கும் பங்குண்டு. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் ஒரு லட்சம் பவுண்டுக்கு அதன் உரிமத்தை வாங்க ஒப்பந்தம் செய்தது. கார் செய்ய வேண்டும் என்ற மகனின் ஆசைக்கு அப்பா துணைநின்றார், 1930-ல் காலமானார்.

தறிக் கம்பெனியின் தலைவர், சகிச்சியின் வீட்டோடு மருமகனாக வந்த ரிசாபுரோ. கார் பெரும்பணத்தை விழுங்குமே என்று அவர் தயங்கினார். அந்தப் பயம் நியாயமானது. தறி லாபம்தான் கார் முயற்சிக்குச் சோறு போட வேண்டியிருந்தது. ஆனாலும் 1933-ல் தறிக் கம்பெனிக்குள்ளேயே கார் பிரிவு தொடங்கியது. 1937-ல் அது டொயோட்டா என்ற தனிக் கம்பெனியானது. கோளாறு தெரிந்தவுடன் இயந்திரம் நிற்க வேண்டும் என்ற தறியின் விதி, பிற்பாடு டொயோட்டா கார் ஆலையின் அடிப்படை விதிகளில் ஒன்றானது. தறி கைமாறாமல் தறியின் அறிவு கைமாறியது.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நெல்லைக் கடித்தே ஈரப்பதம் சொல்லும் உன் அப்பாவிடம் ஒரு பருவம் முழுக்கக் கொள்முதலில் நில். எந்த நெல் எப்படி உடையும் என்று தெரியாமல் அரிசிப் பைக்குப் பெயர் வைக்காதே. பிறகு அவரிடம் முழு மில்லையும் கேட்காமல் ஒரு தொகை, ஒரு கெடு, தனிக் கணக்கு மட்டும் கேள். அந்தத் தொகைக்குள் முடிவு உன்னுடையது என்பதை முதலிலேயே பேசிவிடு. எட்செலுக்குக் கிடைக்காதது அதுதான். கணக்கை மாதாமாதம் நீயே கொண்டுபோய்க் காட்டு. நஷ்டம் வந்த மாதம், அவர் கேட்பதற்கு முன்பே காட்டு.

அன்புடன்,
மாமா