மழையில் மாட்டிய நெல்: வயலிலிருந்து களம் வரை

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் பெரும்பாலும் கையோடு கைகோத்துத்தான் வரும். சம்பாவாவது தப்பும் என்றால், 2023 பிப்ரவரி போலப் பருவம் தவறிய மழை வந்து கதிரைப் படுக்கவைக்கும். மழையை நிறுத்த முடியாது. ஆனால் மழைக்குத் தப்பிய நெல்லைக் களத்தில் கெடுத்துக்கொள்ளாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

மழை விட்டதும் முதல் வேலை மண்வெட்டி வேலை. தாழ்ந்த பக்கத்து வரப்பை வெட்டிவிடுங்கள். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்திருந்தால் வரப்பை வெட்டியும் பயனில்லை. பக்கத்து வயல்காரரையும் சேர்த்துக்கொண்டு அதை முதலில் வாருங்கள். சாய்ந்த பயிரை நாலைந்து குத்தாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்துங்கள். கதிர் தண்ணீரைத் தொடக்கூடாது. குறுகிய கால ரகங்கள் பலவற்றில் விதை உறக்கம் குறைவு. ஈரத்திலேயே கிடந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். மழை ஓய்ந்த நேரம் பார்த்து லிட்டருக்கு 50 கிராம் கல்லுப்பு கரைத்துக் கதிர் நனையத் தெளித்தால் முளைப்பு மட்டுப்படும். விதைக்கு வைக்கும் வயலில் இது வேண்டாம்.

அடுத்தது எப்போது அறுப்பது என்பது. கதிரில் 80 முதல் 85 சதவீத மணிகள் பழுத்திருந்தால் போதும். முழுக்கப் பழுக்கட்டும் என்று அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டாம். அதற்காகப் பாதி பச்சையாக அறுத்தால் பதரும் கருக்காயும்தான் மிஞ்சும். பனி காய்ந்த பிறகு அறுவடை வண்டியை இறக்குங்கள். சேற்றில் டயர் வண்டி புதையும், பெல்ட் வண்டிதான் ஓடும். அதுவும் சேற்றில் மெதுவாகத்தான் நகரும். மணிக் கணக்கில் வாடகை என்பதால் இறக்கும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

இனிதான் முக்கியமான கட்டம். அறுத்த நெல் மூச்சு விடும். ஈரம் கூடக்கூட அதிகமாக விடும், குவியல் சூடேறும், அரிசி பழுப்பேறும். மேலே தொட்டுப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முழங்கை வரை கையை நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்போ புளித்த வாடையோ இருந்தால், ராத்திரி ஆனாலும் அப்போதே கலைத்துப் பரப்ப வேண்டும். பலரும் மழைக்குப் பயந்து படுதாவை நாள்முழுக்க மூடியே வைக்கிறார்கள். அதைத் தூக்கினால் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். அது மழைத் தண்ணீர் இல்லை, நெல் விட்ட ஈரம். திரும்ப நெல் மேலேயே சொட்டும். என்னைக் கேட்டால், தூறலைவிட இந்த மூடிய படுதாதான் அதிகம் கெடுக்கிறது. தூறல் நின்றதும் திறந்துவிடுங்கள். நெல்லுக்கு அடியிலும் ஒரு படுதா அவசியம்.

அறுத்த 24 மணி நேரத்துக்குள் உலர்த்தத் தொடங்க வேண்டும். 2 முதல் 4 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பி, அரை மணிக்கு ஒருமுறை காலால் கிளறுங்கள். வெயில் இல்லையென்றால் கொட்டகையில் பரப்பி மின்விசிறி போடலாம். உச்சி வெயிலில் தார்ச்சாலையில் ஒரே மூச்சாகக் காயவைத்தால் மணியில் கீறல் விழும், ஆலையில் நொய் கூடும். காய்ந்த நெல்லோடு புது ஈர நெல்லைக் கலப்பதும் அதே கேடுதான்.

அரசு கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான். சேதமான, நிறம் மாறிய, முளைத்த மணிகள் எல்லாம் சேர்த்து 5 சதவீதம் தாண்டக்கூடாது. மழை ஆண்டுகளில் தளர்வு கிடைப்பதுண்டு. 2023 பிப்ரவரி மழைக்குப் பிறகு ஈரப்பதம் 20 சதவீதம் வரை அனுமதித்தார்கள். ஆனால் உத்தரவு வரும்வரை குவியல் காத்திருக்காது. 22 சதவீத ஈரத்தில் இருக்கும் 100 கிலோ, 17-க்கு வரும்போது சுமார் 94 கிலோ ஆகும். வியாபாரி வீட்டு வாசலில் ஈர நெல்லுக்கு விலை குறைத்துக் கேட்டால் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் பேசுங்கள். ஈர நெல் ஒன்றும் புதிய தலைவலி இல்லை. மழையில் அறுத்த ஈர நெல்லைக் காக்க வழி தேடி 1967-லேயே திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள்.

பயிர்க் காப்பீடு செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அறுவடைக்குப் பிந்தைய இழப்பீடு, அது அறிவிக்கப்பட்ட இடங்களில்கூட, அறுத்து வயலில் உலர்த்தப் போட்ட கதிருக்குத்தான், அதுவும் 14 நாள் வரைதான். மிஷின் அறுத்துக் களத்தில் கொட்டிய குவியலுக்கு அது பொருந்தாது. பாதிப்பு வந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் சொல்லிவிட்டு, வயலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.